கை நிற்கும் இடம்

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே, டயர் கடைகளில் ஏர் கன் ஓயாமல் அலறும். என் காது தேடுவது அதற்குப் பிறகு வரும் சின்ன 'டிக்'கை. டார்க் ரெஞ்ச் போடும் சத்தம் அது. வைத்த அளவுக்கு நட்டு இறுகியதும் விரலில் நெட்டி முறிந்தாற்போலக் கேட்கும். கைப்பிடியைத் திருகி அளவு வைக்கையில் உள்ளே ஸ்பிரிங் அழுந்துவது உள்ளங்கைக்கே தெரியும். கார்களுக்குப் பெரும்பாலும் 80 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள். சரியான எண் வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கும்.

கைதேர்ந்த மெக்கானிக் அவசரப்பட மாட்டார். உப்புக்காற்று வீசும் ஊர், துரு சீக்கிரம் ஏறும். போல்ட் மரையைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தமாக்குவார். நட்டை முதலில் விரலாலேயே சுற்றுவார். தடங்கலில்லாமல் ஓடினால்தான் ஸ்பேனர். பிறகு பக்கத்து நட்டுக்குப் போகாமல் எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்கினால் வீல் கோணாமல் உட்காரும். ஜாக்கியை இறக்கி, டயர் தரையில் பதிந்த பின்பே டார்க் ரெஞ்ச். வெட்டி இழுக்காமல் ஒரே சீரான இழுவை. டிக். அங்கேயே கை நின்றுவிடும். எனக்கு மிகவும் பிடித்தது அந்த நிற்றல்தான். ஸ்பேனர்மேல் ஏறி மிதித்தால் போல்ட் நீண்டு பலமிழக்கும். அது அவருக்குத் தெரியும். வேலை முடிந்ததும் ஸ்பிரிங் தளர, கைப்பிடியைக் குறைந்த அளவுக்குத் திருப்பிவைப்பார். "ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க அண்ணாச்சி, இன்னொருக்கா பார்த்துருவோம்."