சணல் முடிச்சும் தாய்மையின் உருவமும்

கல்லில் செதுக்கியதையும் வெண்கலத்தில் வார்த்ததையும் சிற்பம் என்கிறோம். கயிற்றில் முடிந்ததையும் குரோஷா ஊசியால் பின்னியதையும் கைவேலை என்று ஒதுக்குகிறோம். இப்பிரிவினை பொருளைப் பற்றியதன்று, செய்தவர் யார் என்பதைப் பற்றியது என்பதே நம் கருத்து. மிருணாளினி முகர்ஜியின் (1949–2015) சணற் சிற்பங்களைப் பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களின் வாழ்வோடு சேர்த்து நோக்கின் இது விளங்கும்.

மிருணாளினி பம்பாயில் பிறந்தவர். தந்தை வினோத் பிகாரி முகர்ஜி ஓவியர். தாய் லீலா சிற்பி. பரோடாவில் கே. ஜி. சுப்பிரமணியனிடம் கலை பயின்ற இவர், 1970களில் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சாயமேற்றிய சணற்கயிற்றைக் கையாலேயே முடிந்து உருவங்கள் சமைத்தார். தறி இல்லை, முன்வரைந்த படமும் இல்லை. முடிச்சின்மேல் முடிச்சாக வளர்ந்து, மாதக்கணக்கான உழைப்பின் முடிவில் ஆளுயரத்திற்கும் மேலாக உருவம் எழும். 'யட்சி' (1984), 'வனஸ்ரீ' (1994) ஆகியவற்றின் மடிப்புகள் பெண்ணுடலையும் விரியும் மலரையும் கருப்பையையும் ஒருங்கே நினைப்பூட்டுகின்றன. ஆயினும் இவை கோயிற் சிலைகளின் நகல்கள் அல்ல. 2019ஆம் ஆண்டு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இவருடைய படைப்புகளுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது.

இவற்றின் சிறப்பு யாது? உருவம் வெளியிலிருந்து திணிக்கப்படவில்லை, உள்ளிருந்து வளர்கிறது. செதுக்குபவன் வேண்டாததை நீக்குகிறான். முடிபவளோ ஒன்றையும் நீக்காமல் சேர்த்துக்கொண்டே போகிறாள். கருவில் உடல் வளர்வதும் இவ்வாறே. எபிரெய மொழி பயின்ற மாணவர்க்கு 139ஆம் சங்கீதம் இங்கு நினைவுக்கு வரும். அதன் 15ஆம் வசனத்தில் கருவின் உருவாக்கத்தைக் குறிக்கும் வினைச்சொல்லின் வேரும், யாத்திராகமம் 26:36இல் கூடாரவாசல் தொங்குதிரையின் சித்திரத் தையலைக் குறிக்கும் சொல்லின் வேரும் ஒன்றே. 13ஆம் வசனத்தின் வினைச்சொல்லையும் 'நெய்தல்' என்று கொள்வோர் உளர். தாயின் கருவறையை நூல்வேலை நடைபெறும் இடமாகச் சங்கீதக்காரன் கண்டான். மிருணாளினி அவ்வசனத்தை எண்ணி முடிந்தார் என்று நாம் சொல்லவில்லை. வாசிப்போர்க்கு அவருடைய சிற்பம் அதன் பொருளைக் கண்ணுக்குப் புலப்படுத்துகிறது என்கிறோம்.

எனினும் ஒரு குறை சொல்லாமல் இருத்தல் இயலாது. இச்சிற்பங்களில் பெண்மை கம்பீரமாக நிற்கிறது. பெண்ணின் பாடு காணப்படவில்லை. தாய்மை காட்டின் வளமாகவும் தெய்விகமாகவும் உயர்த்தப்படுகிறது. கந்தற் புடவையைத் தூளியாகக் கட்டிவிட்டு வேலைக்குப் போகும் தாய் அங்கில்லை. பழம்புடவை தூளியாகி, பின் குழந்தைக்கு விரிப்பாகி, இறுதியில் கைப்பிடித் துணியாகத் தேய்வதும் நார் மறுபிறவி எடுப்பதே. அதைக் காட்சிக்கு வைப்பார் இல்லை.

பழவேற்காட்டுக் கரையில் இக்குறை கூர்மையாகத் தென்படும். அவ்வூரின் பெயர் ஒருகாலத்தில் கட்டம்போட்ட கைக்குட்டைத் துணிக்கே பெயராகி ஐரோப்பா வரை சென்றது. இன்றும் அங்கு முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பெட்டிகள் முடைகின்றனர். இருளர் பெண்கள் ஏரியில் அமிழ்ந்து, பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர். மீனவர் குப்பங்களிலோ மீன்பிடிக்கும் இடத்தை முறைவைத்துப் பகிரும் 'பாடு' ஆண்களின் பெயரிலேயே வழங்கிவந்துள்ளது. ஏரியைத் தாய் என்று போற்றுவது எளிது. தாய்க்கு அதில் பங்கு உண்டா என்று கேட்பதே கடினம்.

குரோஷாவின் கதையும் இத்தகையதே. ஆந்திரத்தின் நரசாப்பூரில் மிஷனெரிமார் கற்பித்த இவ்வேலை பெருந்தொழிலாக வளர்ந்தது. மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு, பின்னிய பெண்கள் 'இல்லத்தரசிகள்' என்றும் அவர்கள் உழைப்பு ஓய்வுநேர வேலை என்றும் கருதப்பட்டதால் கூலி அற்பமாயிருந்ததையும், இலாபம் வணிகர் கையில் சேர்ந்ததையும் எடுத்துக்காட்டியது. கற்றுக்கொடுத்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் விலை பேசும் உரிமை ஊசியோடு சேர்ந்து வரவில்லை.

திருமறையும் இவ்விடத்தில் நம்மைச் சோதிக்கிறது. ஆசரிப்புக் கூடாரத்தைச் சமைத்த பெசலெயேல், அகோலியாப் ஆகியோரின் பெயர்கள் நமக்குத் தெரியும். அதற்கு நூல் நூற்ற ஞானமுள்ள பெண்களைப் பற்றி யாத்திராகமம் 35ஆம் அதிகாரம் பேசுகிறது, பெயர் ஒன்றும் இல்லை. நம் ஆலயங்களில் மட்டும் என்ன நடக்கிறது? பிரசங்க பீடத்தை உபயமளித்தவர் பெயர் சலவைக்கல்லில் இருக்கிறது. திருவிருந்து மேசை விரிப்பின் ஓரத்தைப் பல மாலைகள் அமர்ந்து பின்னியவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அன்னையர் ஞாயிறன்று தாய்மையைப் புகழ்ந்துரைக்க ஆயத்தமாகும் போதகர்கள், அதற்கு முன் அவ்விரிப்பைச் செய்தவர் யாரென விசாரித்து, சபைப் பதிவேட்டில் பெயரை எழுதுவார்களாக. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் விற்பனையில் நூலின் விலையோடு உழைத்த நாட்களையும் கணக்கிடுவார்களாக. கரையோர ஊர்களில் ஊழியஞ்செய்வோர் ஒரு படி மேலே சென்று, பாடு பகிரப்படும் கூட்டத்தில் விதவைத் தாயின் சார்பில் பேசுபவர் யார் என்று கேட்டறிவார்களாக.