எரிந்த காடு எந்தக் கணக்கில்?

2004ஆம் ஆண்டு பிரேசிலின் அமேசான் பகுதியில் 27,772 சதுர கிலோமீட்டர் காடு அழிக்கப்பட்டது. 2012இல் அது 4,571 ஆகச் சுருங்கியது. சோயா வணிகர்கள் 2006இல் ஏற்ற உடன்பாடு, புதிய காப்பகங்கள், விதி மீறிய பண்ணைகளுக்குக் கடனை மறுத்த 2008ஆம் ஆண்டு ஆணை எனக் காரணங்கள் பல. ஆனால் எங்கே வெட்டு விழுகிறது என்று தெரியாமல் இவற்றில் பலவற்றை அமலாக்கியிருக்கவே முடியாது. அதைக் காட்டியது ‘இன்பே’ என்னும் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனம்.

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அந்நிறுவனம் 1988 முதல் ‘புரோடெஸ்’ என்ற ஆண்டுக் கணக்கை எடுத்துவருகிறது. 2004இல் வந்த ‘டெட்டர்’, வெட்டு நடக்கும்போதே வனக் காவலர்களை உசுப்பியது. அதன் பயனைப் பொருளியலாளர் ஜுலியானோ அசுன்சாவோவும் சகாக்களும் நுட்பமாகச் சோதித்தார்கள். மேகம் மூடிய இடங்கள் டெட்டரின் கண்ணுக்குத் தப்பின; அங்கே அபராதங்கள் குறைந்தன, காடழிப்பு கூடியது. கண்காணிப்பு உண்மையிலேயே காட்டைக் காத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தரவு பொதுவில் இருப்பது இன்னொரு பெரும் வலிமை. 2019இல் அதிபர் போல்சனாரோ அந்த எண்களைப் பொய் என்றார். இன்பேயின் இயக்குநர் ரிக்கார்டோ கல்வாவ் பதவி இழந்தார். எண்களை மட்டும் மறைக்க முடியவில்லை. காடு காப்பாற்றப்பட்டதா? இல்லை. 2021இல் அழிப்பு 13,000 சதுர கிலோமீட்டரை எட்டியது. அதே ஆண்டு ‘அமசோனியா-1’ செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய ராக்கெட்டில் விண்ணேறியது. பார்க்கும் கண்கள் பெருகின. தண்டிக்கும் கைகள்தாம் கட்டப்பட்டிருந்தன.

அரசு மாறினால் அந்தக் குறை தீரலாம். கணக்கிடும் முறைக்குள்ளேயே இருக்கும் குறை அப்படித் தீராது. புரோடெஸ் எண்ணுவது முதுகாட்டின் முழு அழிப்பை மட்டுமே, 6.25 ஹெக்டேருக்குக் குறைந்த வெட்டு அதில் சேராது. மீண்டும் முளைத்த காட்டைத் திரும்ப வெட்டினாலும் சேராது. பெருமரங்களை மட்டும் உருவியெடுத்த காடும், அடித்தளத்தில் தீ பரவிய காடும் பெரும்பாலும் அதில் ‘காடு’ என்றே நிற்கின்றன. 1992 முதல் 2014 வரை இப்படிச் சீரழிந்த பரப்பு, முற்றாக அழிந்த பரப்பைவிடப் பெரியது என்று 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. இன்பேயின் லூசியானா கட்டி குழுவினர் விமானத்தில் காற்றின் மாதிரிகளை எடுத்து அளந்தார்கள்; தென்கிழக்கு அமேசான், உறிஞ்சுவதைவிட அதிகக் கரியை வெளிவிடுகிறது என்று 2021இல் அறிவித்தார்கள்.

 

2024 ஜூலையோடு முடிந்த ஓராண்டில் அமேசானின் கணக்கு 6,288 ஆக இறங்கியது. நல்ல செய்திதான். ஆனால் அடுத்த சில வாரங்களில் கடும் வறட்சியில் பெருந்தீ பரவியது; அதில் சீரழிந்த காடு பெரும்பாலும் இந்தக் கணக்கில் சேராது. சீரழிவு பற்றிய எச்சரிக்கைகளையும் டெட்டர் இப்போது அனுப்புகிறது. ஆக, தொழில்நுட்பம் கையில் இருக்கிறது. 2030க்குள் காடழிப்பைச் சுழியமாக்குவோம் என்ற வாக்குறுதியில் சீரழிந்த காட்டின் பரப்பையும் பிரேசில் சேர்க்க வேண்டும். காலநிலைக்கு நிதி தரும் நாடுகளும் அதையே கேட்க வேண்டும்.