பாடு: கடலில் யாருடைய முறை?

மீன்வளம் பற்றிய அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்து விழும் சொல் 'நீடித்த' என்பது. நீடித்த மீன்பிடிப்பு, நீடித்த வளர்ச்சி, நீடித்த மேலாண்மை. எது நீடிக்க வேண்டும், யாருக்காக, யார் செலவில் என்ற கேள்விகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிற சொல் இது. மொழிபெயர்ப்புக் கோளாறு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கடலுக்கு 'வளம்' என்றும் மீனுக்கு 'இருப்பு' என்றும் மீனவருக்குப் 'பயனாளி' என்றும் பெயர் வைத்த ஒரு சொல்லாடலே இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதற்குள் மீனை எண்ணலாம், படகை எண்ணலாம். இன்று கடல் யாருடைய முறை என்று மட்டும் கேட்க முடியாது.

இந்தச் சொல்லாடலின் மூலக்கதை 1968இல் கேரட் ஹார்டின் எழுதியது. எல்லோருக்கும் திறந்த ஒரு மேய்ச்சல் நிலம். ஒவ்வொருவனும் இன்னொரு மாடு, இன்னொரு மாடு என்று சேர்க்கிறான். கடைசியில் புல் அழிகிறது. ஆகவே பொதுச்சொத்து என்றாலே அழிவுதான், தனியுடைமை ஆக்கு அல்லது அரசிடம் கொடு என்கிறது கதை. கடலுக்கும் இதையே ஓதினார்கள். கவனித்துப் பாருங்கள், அந்த மேய்ச்சல் நிலத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஊர் கிடையாது, பஞ்சாயத்து கிடையாது, ஒரு வாய்ச்சண்டைகூடக் கிடையாது. மனிதர்களே இல்லாத ஊரில் நடந்த கதை மனித இயல்பு பற்றிய விதியாகிவிட்டது.

பழவேற்காடு ஏரியில் பேச்சு நடந்தது. இறாலுக்குக் கம்பு நட்டு வலை கட்டத் தோதான இடங்கள் அங்கே சிலதான். எல்லா இடமும் ஒரே மாதிரி வாய்ப்பதில்லை. முகத்துவாரத்து நீரோட்டத்தைப் பொறுத்து ஒன்றில் அள்ளும், ஒன்றில் வலை நனைந்ததுதான் மிச்சம். ஆகவே சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொண்டார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை வேறு இடம். இதற்குப் பெயர் பாடு. முறை, பங்கு, பட்ட கஷ்டம் எல்லாம் ஒரே சொல்லில் கிடக்கின்றன. மேலாண்மை என்ற சொல் பிறக்கும் முன்பே இருந்த மேலாண்மை இது. துருக்கியின் ஆலன்யாக் கரையிலும் வலை போடும் இடங்களைச் சீட்டுப் போட்டுச் சுழற்றுகிறார்கள் என்பதை எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வந்த தன் நூலில் எடுத்துக்காட்டினார். 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. பழவேற்காட்டுக்காரருக்கு அதனால் வலையில் ஓர் இறால்கூடக் கூடவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலர் கைதட்ட ஆரம்பித்துவிடுவார்கள். மரபு அறிவு, சமூக நிர்வாகம், முதலாளியத்துக்கு முந்தைய சமத்துவம்! சற்றுப் பொறுக்க வேண்டும். பாட்டில் பங்கு உண்டென்றால் தலைக்கட்டாக இருக்க வேண்டும். தலைக்கட்டு ஆண் கணக்கு. அதுவும் பட்டினவர் கணக்கு. அதே ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கோ, பின்னால் மீன்பிடிக்க வந்த தலித்துகளுக்கோ அந்தச் சீட்டில் பெயர் கிடையாது. உள்ளே இருப்பவர்களுக்கு இடையிலான நீதி, வெளியே நிறுத்தப்பட்டவர்கள் மீது கட்டிய வேலியும்கூட. ஏரி கெடாமல் இருந்ததற்கு இந்த வேலியும் ஒரு காரணம்தான் என்று நிபுணர் சொல்லலாம். ஆள் குறைவு என்றால் பிடிப்பும் குறைவுதானே. அப்படியானால் சாதியையும் 'நீடித்த' பட்டியலில் சேர்த்துவிட வேண்டியதுதான். ஹார்டினின் கதையில் ஊரே இல்லை. நம் ஆட்களின் கதையில் ஊர் இருக்கிறது, சேரி இல்லை. பாட்டைக் காப்பாற்று என்பவர்கள் சீட்டில் யார் பெயரெல்லாம் எழுதப்படும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, அரசிடமும் விஞ்ஞானத்திடமும் விட்டுவிடலாமா? கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் விட்டார்கள். 1977இல் இருநூறு மைல் கடலை அந்நாடு தனதாக்கிக்கொண்டது. வருடத்துக்கு எவ்வளவு காட் மீன் பிடிக்கலாம் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். கரையோரம் சிறு படகில் போனவர்கள் எண்பதுகளிலேயே மீன் குறைகிறது, சிறுக்கிறது என்று கத்தினார்கள். கணக்கோ பெரிய இழுவைக் கப்பல்களின் பிடிப்பை முக்கிய ஆதாரமாக வைத்திருந்தது. மீன் எங்கே மிஞ்சிக் குவிந்திருக்கிறதோ அங்கே தேடிப்போய் அள்ளும் கப்பலுக்குக் கடைசி வரை மீன் கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். 1992 ஜூலையில் மீன்பிடிப்பே தடைசெய்யப்பட்டது. முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். இரண்டு வருடம் என்று சொன்ன தடையை முறையாக நீக்க 2024 ஆனது. யார் பேச்சைத் தரவு என்று எடுத்துக்கொள்வது, யார் பேச்சைப் புலம்பல் என்று தள்ளுவது என்பதில்தான் அந்தக் கடல் அழிந்தது. ஒற்றை மீனுக்கே இந்தக் கதி. ஒரு மடி இழுத்தால் பத்து இருபது இனம் சேர்ந்து வந்து விழுகிற நம் கடலில் 'உச்ச நீடித்த விளைச்சல்' என்று ஒற்றை எண் சொல்வதை என்னவென்பது?

நம் கரையில் இழுவைமடியை இறக்கியதும் வளர்ச்சித் திட்டங்கள்தான். ஐம்பதுகளில் நார்வே உதவியோடு கேரளத்தில் தொடங்கியது. இறால் ஏற்றுமதி ருசி கண்டபின் மானியத்தோடு இங்கேயும் பரவியது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) நாவலில் லாஞ்சிக்கும் வல்லத்துக்கும் நடக்கும் பகை இருக்கிறது. நம் விமர்சனம் பிலோமியின் காதலிலேயே உருகி நின்றுவிட்டது. லாஞ்சியை யாரும் வாசிக்கவில்லை. மோதல்கள் முற்றி 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்றது. கடலுக்குள் யார் அளந்து பார்ப்பது? தரையோடு சேர்த்து வாரும் மடியில் இறாலோடு வரும் குஞ்சும் குறுமீனும் ராமேஸ்வரத்தில் 'சங்காயம்' ஆகிக் கோழித்தீவனத்துக்குப் போகிறது. நாளைய மீனை இன்றைய கோழி தின்கிறது.

பாக் நீரிணையில் ஓர் ஏற்பாடு உண்டு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு. சண்டை போட்டு எட்டிய பாடு இது, சர்க்கார் வழியாக. ஆனால் விசைப்படகு தன் மூன்று நாளில் போவது எங்கே? இந்தப் பக்கம் வாரி முடித்துவிட்டதால் எல்லை தாண்டி. அங்கே யாழ்ப்பாணத்துக்காரரும் மன்னார்க்காரரும் யுத்த காலம் முழுக்கக் கடலுக்குப் போகத் தடைகளோடு கிடந்து, 2009க்குப் பிறகு வலையைத் தூக்கிக்கொண்டு திரும்பியவர்கள். அவர்கள் வலையை அறுப்பது நம் தமிழரின் படகு. இலங்கைக் கடற்படையின் துப்பாக்கியைப் பற்றி நாம் எழுதியாக வேண்டும்; எழுதுகிறோம். அறுந்த வலை பற்றி எழுதும்போது மட்டும் தொப்புள்கொடி உறவு குறுக்கே வந்துவிடுகிறது.

2010 ஆகஸ்டில் இரு கரை மீனவப் பிரதிநிதிகளும் சென்னையில் கூடினார்கள். ஒரு வருடத்துக்குள் இழுவைமடியை நிறுத்துவது, அதுவரை வருடத்துக்கு எழுபது நாள் மட்டும் போவது என்று பேசி முடித்தார்கள். எழுபது நாள்! கடலை நாட்களாகப் பங்கிடும் பழைய பாட்டுக் கணக்கு எல்லை தாண்டியும் வேலை செய்தது. அரசுகளின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே வருடம் இங்கே இரண்டாயிரம் இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றுவோம் என்றார்கள். மூன்று வருட இலக்கில் மாறியவை சொற்பம். ராமேஸ்வரத்து மூன்று நாள், நாலு நாள் கணக்கில் எதிர்க்கரைக்காரனுக்கு இன்றைக்கும் நாள் இல்லை.