பறையின் தொனியும் கேட்கிற காதும்

பறைச் சத்தம் கேட்டாலே 'யாரு செத்தது?' என்கிறார்கள். அதே தோல்தான் எங்க தெருவில் கல்யாணத்துக்கும் அதிருது, கோயில் கொடைக்கும் அதிருது. சோகம் தோலில் இருக்கிறதா, கேட்கிறவன் காதிலா?

தொனியையும் பார்த்துவிடுவோம். மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை அப்புகிறார்கள். அந்தக் கனத்தால்தான் மேற்சுரங்கள் ஒத்திசைந்து சுருதி நிற்கிறது என்று சி.வி. ராமன் 1920இலேயே எழுதினார். பறையில் அந்தப் பூச்சு கிடையாது. தீயில் காய்ச்சி முறுக்கேற்றிய வெறுந்தோல். குச்சி பட்டால் சுள்ளென்று வெடிக்கும், அடிவயிறு கலங்கும். மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. சபாக்காரர்களுக்கு இது 'இரைச்சல்'. நமக்கோ இந்த ஒத்துவராமைதான் ஆளை உசுப்புது. உசுப்பினது ஆடவா அழவா என்பதை அடிதான் சொல்லும். அடி தெரியாத காதுக்கு எல்லாமே சாவுதான்.

தோல்தான் தீட்டு என்றால் மிருதங்கத்திலும் மாட்டுத்தோல்தானே? அதைச் செய்கிற கைகளைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய புத்தகத்தின் வெளியீட்டுக்குக் கொடுத்த அனுமதியை 2020இல் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. புத்தகத்தில் அரசியல் இருக்கிறதாம்.