நாய்களுக்குப் பெயர் இருந்தது

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு வேட்டை இலக்கியம் பற்றி எழுதுவது சற்று வேடிக்கைதான். என் சன்னலுக்கு வரும் ஒரே பிராணி காகம். ஆனாலும் கடந்த இரண்டு மாதங்களாக சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயரின் நூலோடுதான் பொழுது போகிறது. 'இலங்கையில் துப்பாக்கியும் வேட்டை நாயும்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். 1854இல் வெளிவந்தது. காலி வீதி நடைபாதையில் மறுபதிப்பொன்று மலிவாகக் கிடைத்தது.

பேக்கர் பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போய்ப் புகழ்பெற்றவர். அதற்கு முன் நுவரெலியாவில் குடியிருந்தார். மரை வேட்டைக்கென்றே நாய்களை வளர்த்தார். மரையை அவர் 'எல்க்' என்று எழுதுகிறார். அந்த மிருகம் இந்தத் தீவில் இல்லவே இல்லை. பெயரில்தான் பிழை, பார்வையில் இல்லை. ஹோர்ட்டன் சமவெளியின் விடியற்கால மூடுபனியில் நாய்கள் மோப்பம் பிடித்துக் குரல் கொடுப்பது, மரை ஓடி ஓடிக் கடைசியில் ஓடைக்குள் இறங்கித் திரும்பி நிற்பது, கத்தியோடு மட்டும் மனிதன் தண்ணீருக்குள் இறங்குவது என்று அவர் எழுதும் பக்கங்களை, கொலையை வெறுக்கும் வாசகரும் மூடிவைக்க மாட்டார். ஸ்மட், கில்பக் ஆகிய இரண்டு நாய்களும் அந்நூலின் முழுமையான பாத்திரங்கள். ஸ்மட்டின் உடலில் மணிலா இனத்து இரத்தம். கில்பக் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. எது தந்திரசாலி, எது அவசரக்குடுக்கை என்பதெல்லாம் எமக்குத் தெரிந்துவிடுகிறது. அவற்றின் முடிவைச் சொல்லுமிடத்தில் பேக்கரின் குரல் தாழ்ந்துபோகிறது.

மனிதர்களைச் சொல்லுமிடத்தில் அப்படியில்லை. துப்பாக்கி தூக்கிச் சென்ற சிலருக்குப் பெயருண்டு. மற்றவர்கள் கூட்டமாக வந்து கூட்டமாகப் போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் எம்மவர் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுத நேர்ந்தது. 'மூர்மேன்' என்று அவர் குறிப்பிடும் சோனகர்கள் காட்டில் யானையின் காலுக்குச் சுருக்குப் போட்டுப் பிடிப்பதை ஓர் அத்தியாயத்தில் விபரமாக எழுதியிருக்கிறார். 'கொண்டவட்டவே' என்று அவர் எழுதும் ஊரைப் படித்தால் அம்பாறைப் பக்கத்தார் கொண்டவட்டவான் குளத்தைத்தான் நினைப்பார்கள். கரடியோடு மல்லுக்கட்டிய சோனகர் ஒருவரின் கதையும் நூலில் உண்டு. புத்தகத்தை மூடிய பிறகு ஸ்மட்டின் முகம் என் கண்ணில் நிற்கிறது. அந்த மனிதர் 'ஒரு சோனகர்' என்பதற்கு மேல் நிற்கவில்லை.

பேக்கருக்குப் பின் 1859இல் எமர்சன் டெனன்ட் எழுதிய பெருநூலிலும் பணிக்கர்கள் வருகிறார்கள். வடக்கிலும் வடமேற்கிலும் இருந்த சோனகக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். இரண்டே பேர், ஒரு தோல் கயிறு, துப்பாக்கி கிடையாது. முறிந்த கொப்பையும் மிதிபட்ட புல்லையும் பார்த்து யானை எப்போது கடந்தது என்று சொல்லிவிடுவார்கள். கிழக்கில் ஏறாவூர்ப் பணிக்கர்களை அறியாதவர் யார்? தலதா மாளிகையின் பேழையைப் பல்லாண்டு சுமந்து 1988இல் இறந்த ராஜா யானை ஏறாவூர்க் காட்டிலிருந்து வந்ததுதான். அது ரூபாய்த் தாளிலும் இடம்பெற்றது. பணிக்கரின் கலை எங்கே இடம்பெற்றது?

வெள்ளைக்காரர் எழுதவில்லை என்று குறைப்படுவது எளிது. நாம் எழுதினோமா? சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் எனக்கு மிகவும் விருப்பமானது. வலையில் அகப்பட்ட மான் குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்ல, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வேடனிடம் பிணை நிற்கிறார்கள். மான் வாக்குத் தவறாமல் திரும்பி வருகிறது. உமறுப்புலவர் மானுக்கு மனதைக் கொடுத்தார். வேடன் கடைசியில் மனம் மாறுவதற்காகவே அங்கே நிற்கிறான். காவியத்துக்கு அது போதும். அதற்குப் பின் வந்த முந்நூறு வருடத்து எழுத்துக்கு அது போதாது.

அரபு இலக்கியத்துக்கு இந்தக் கூச்சம் இருக்கவில்லை. வேட்டைக் கவிதை அங்கே தனி வகை. அபூ நுவாஸ் வேட்டை நாயை வர்ணித்துப் பாடியிருக்கிறார். அல்ஜாஹிழ் தம் விலங்குகள் நூலில் நாயா சேவலா உயர்ந்தது என்ற வாதத்துக்கே நீண்ட பகுதியை ஒதுக்கினார். நாய் எங்கள் ஷாபிஈ மத்ஹபில் கடும் நஜீஸ். அது நக்கிய பாத்திரத்தை ஏழு முறை, ஒரு முறை மண்ணிட்டுக் கழுவ வேண்டும். அதே பிக்ஹு நூல்கள் பயிற்றப்பட்ட நாய் பிடித்த வேட்டைக்கும் தனி அத்தியாயம் வைத்திருக்கின்றன: ஏவினால் போக வேண்டும், தடுத்தால் நிற்க வேண்டும், பிடித்ததைத் தான் தின்னக் கூடாது. ஒரே நூலுக்குள் இருக்கும் இந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையில்தான் எங்கள் காட்டோரக் கிராமங்களின் வாழ்க்கை நடந்தது. எவ்வளவு நல்ல நாவலுக்கு இடமிருந்தது!

என் மூத்தாப்பா வெடிக்காரர். சேனைக் காவலுக்கும் முயல் வேட்டைக்கும் 'கறுவல்' என்று ஒரு நாய் வைத்திருந்தார். அது வளவுக்குள் வராது. கடப்படியில் நின்றுவிடும். மூத்தம்மா சிரட்டையில் சோறு கொண்டுபோய் வேலிக்கு வெளியே கொட்டுவா. காட்டிலிருந்து வந்ததும் மூத்தாப்பா கிணற்றடியில் மண் தேய்த்துக் கைகழுவும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தடவாமலே அந்த நாயோடு அவர் கொண்டிருந்த சிநேகம் பேக்கரால் எழுத முடியாத ஒன்று.

இதை நான் ஒருமுறை கதையாக எழுதினேன். 'முஸ்லிம் வீட்டுக் கதையில் நாய் எதற்கு?' என்று ஒரு பத்திரிகையாசிரியர் கேட்டார். நாய் வரும் இரண்டு பக்கங்களையும் வெட்டிக் கொடுத்தேன். கதை அச்சில் வந்தது, பாராட்டும் கிடைத்தது. கேட்டவரைவிட வெட்டியவன் மீதுதான் எனக்குக் கோபம். மூத்தாப்பா அப்போது உயிரோடிருந்தார். கால்தடத்துக்கும் காற்றுத் திசைக்கும் அவர் வைத்திருந்த சொற்களைக் கேட்டு எழுதியிருக்கலாம். பிறகு 1990 வந்தது. காட்டுக்குப் போகும் பாதைகளெல்லாம் எங்கள் ஊர்களுக்கு அடைபட்டன.

இப்போது துப்பாக்கியின் இடத்தில் கமரா. 1894இல் வேட்டைக்காரர்களே கூடி ஆரம்பித்த சங்கம்தான் இன்று வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக இருக்கிறது என்பதால் இந்த மாற்றம் ஆச்சரியமல்ல, நல்லதும்கூட. கொழும்புக் கண்காட்சிகளில் யால சிறுத்தையின் படங்களைத் தவறாமல் பார்க்கிறேன். மீசை மயிர் ஒவ்வொன்றும் தெரிகிறது. ஆனால் குரங்கின் எச்சரிக்கைக் குரலைக் கேட்டு ஜீப்பை நிறுத்தச் சொன்ன வழிகாட்டி எந்தப் படத்திலும் இல்லை. பேக்கராவது அவர்களைக் கூட்டமாகக் காட்டினார்.

அந்தக் கதையைத் திரும்ப எழுதத் தொடங்கியிருக்கிறேன். மூத்தாப்பா கறுவலை ஏவும்போது நாக்கை மடித்து ஒரு சத்தம் போடுவார். அதைத் தமிழ் எழுத்தில் எப்படிக் கொண்டுவருவதென்று தெரியாமல் முதல் பக்கத்திலேயே நிற்கிறேன்.