இறங்காத டிகாக்‌ஷன்

காபி ஃபில்டர் மக்கர் செய்தால் கடைக்கு ஓட வேண்டியதில்லை. அதுதான் இந்தப் பாத்திரத்தின் பெருமை. மோட்டாரும் இல்லை, ஒயரும் இல்லை. இரண்டு அடுக்கு, ஒரு குடை, ஒரு மூடி, அவ்வளவுதான்.

டிகாக்‌ஷன் இறங்கவில்லையா? மேலடுக்கைத் துணியால் பிடித்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். கீழே அடைபட்ட காற்று வெளியேறியதும் சொட்டு விழத் தொடங்கும். அப்படியும் விழாவிட்டால், பொடி மிகவும் நைசாக இருக்கலாம். குடையால் அதிகமாக அழுத்தியிருக்கலாம்.

இரண்டும் இல்லையென்றால், காலி மேலடுக்கைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தால் அடைத்த கண்கள் தெரிந்துவிடும். எவர்சில்வர் என்றால், அடிப்பாகத்தைச் சில நொடி கேஸ் தீயில் காட்டி, ஆறவிட்டுத் தட்டினால் கருகிய பொடி உதிரும். மிச்சத்துக்கு ஓர் ஊசி போதும்.

அடைத்துக்கொண்டது என்பதற்காக நல்ல ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள்.