கைப்பதம்

சென்னையில் மே மாதத்தில் ஒரு மோட்டார் சைக்கிளின் வால்வு இடைவெளியை அளக்க நினைப்பவர் விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்துவிட வேண்டும். என்ஜின் 35 டிகிரிக்குக் கீழே ஆறியிருக்கும்போதுதான் அந்த அளவு செல்லும் என்கிறது ஹோண்டாவின் பணிமனைக் கையேடு. அக்னி நட்சத்திர நாட்களில் பத்து மணிக்குள் நிழலிலேயே அந்தச் சூடு வந்துவிடும். அதனால் முந்தின இரவே பக்கவாட்டுப் பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றி, பெட்ரோல் டாங்கை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் படுப்பேன். வால்வு வேலைக்குப் பிறகு வருகிறேன். எனக்கு இந்த ருசி செயினில்தான் தொடங்கியது, அங்கிருந்தே சொல்கிறேன்.

என் வண்டி ஹோண்டா சி.பி.ஆர். 250 ஆர். 2011இல் நம் சாலைகளுக்கு வந்து, 2020இல் பி.எஸ். 6 விதிகள் வந்த காலத்தில் விடைபெற்றுக்கொண்ட வண்டி. 249 சி.சி., ஒற்றைச் சிலிண்டர், நான்கு வால்வுகள், அவற்றுக்கு மேலே இரண்டு கேம் ஷாஃப்ட்டுகள், ரேடியேட்டர். தோற்றத்தில் பந்தய வண்டிச் சாயல் உண்டு. ஆனால் ஹேண்டில் உயரம். முதுகை ஓர் அளவுக்கு மேல் வளைக்கவிடாது. முன்னால் உள்ள கண்ணாடித் தடுப்பு நெஞ்சில் அறையும் காற்றைத் தோளுக்கு மேலே ஏற்றிவிடும். சென்னையிலிருந்து கொடைக்கானல் ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். காலையில் கிளம்பி மாலையில் ஏரிக்கரையில் இறங்கும்போது தேநீர் கேட்கத் தோன்றுமே தவிர, படுக்கை கேட்கத் தோன்றாது. ஸ்போர்ட்ஸ் டூரர் என்ற பெயருக்கு இந்த அளவில் பொருந்திய வண்டி நம் ஊரில் அப்போது அரிது. விற்பனை நின்ற பிறகு உதிரி பாகத்துக்கு ஜி.பி. ரோட்டையும் புதுப்பேட்டையையும் சுற்ற வேண்டியிருக்கிறது. அந்த அலைச்சலும் எனக்குப் பிடித்தே இருக்கிறது.

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது அம்மா ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டு வந்தால் அடுப்பை அணைத்துவிடுவார். ஒரு நிமிடம் முந்தினால் மாவு எண்ணெயில் கரையும், பிந்தினால் அதிரசம் கல்லாகும். பதம் என்பது அந்த ஒரு நிமிடம். வண்டி வேலையில் நான் ரசிப்பதும் அதைத்தான். ஒவ்வொரு வேலைக்கும் கையேட்டில் ஓர் எண் இருக்கிறது. ஆனால் அந்த எண் விரலுக்குள் இறங்க வருஷங்கள் ஆகின்றன.

செயினுக்கு அந்த எண் 20 முதல் 30 மில்லிமீட்டர். பட்டறைகளில் "ஒரு இஞ்ச் ஆட்டம்" என்பார்கள். கீழ்ச்செயினின் நடுவில் விரல் வைத்து மேலும் கீழும் அசைத்தால் அவ்வளவு தூரம் ஆட வேண்டும். இறுக்கமாக இருந்தால்தான் வண்டி இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. ஆள் ஏறி உட்கார்ந்து, சஸ்பென்ஷன் அமுங்கும்போது முன் பல்சக்கரத்துக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் கூடுகிறது. அப்போது செயின் தானாகவே இறுகும். ஆட்டமே வைக்காமல் முடுக்கிவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் கியர்பாக்ஸின் பேரிங்கைச் செயின் பிடித்து இழுக்கும். அந்தப் பேரிங் போனால் செலவு செயினோடு நிற்காது.

செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதும் இல்லை. நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி, ஏழெட்டு இடங்களில் ஆட்டம் பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் விறைப்பாக நிற்கும். அந்த இடத்தில் வைப்பதுதான் அளவு. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் பள்ளிக்கூட நாட்களில் எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். ஹெர்குலிஸ் சைக்கிளின் செயினை அவர் உருட்டி உருட்டிப் பார்ப்பதை மணிக்கணக்கில் நின்று பார்த்திருக்கிறேன்.

இந்தச் செயினின் ஒவ்வொரு பின்னுக்கும் இரு புறமும் சின்ன ரப்பர் வளையங்கள் உண்டு. தொழிற்சாலையில் வைத்த கிரீஸை உள்ளே அடைத்துக் காப்பவை அவைதான். அதனால் பெட்ரோலால் கழுவக் கூடாது, கம்பி பிரஷ்ஷும் ஆகாது. வளையம் வெடித்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும், அதை நாம் திரும்ப வைக்க முடியாது. மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும். துடைத்துக் காயவிட்டு, 90 எண் கியர் ஆயிலைக் கீழ்ச்செயினின் உட்புறத்தில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே சக்கரத்தைச் சுற்ற வேண்டும். ஓடும்போது எண்ணெய் வெளிப்புறமாக வீசப்படும் என்பதால் உள்ளிருந்து தொடங்குவதே முறை. ஓடி முடித்து இளஞ்சூட்டில் இருக்கும் செயின் எண்ணெயை நன்றாக வாங்கிக்கொள்ளும். இரவு முழுக்க விட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வழிகிற செயின் புழுதியைச் சேர்த்துக்கொண்டு அரைக்கத் தொடங்கிவிடும். என்ஜினை ஓடவிட்டுக் கியரில் போட்டுச் செயின் துடைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உடம்பு நடுங்கும். துணியோடு விரலையும் இழுத்துக்கொள்ள அந்தப் பல்சக்கரத்துக்கு ஒரு நொடி போதும்.

முடுக்குவதன் பதத்தை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். வண்டியை ஒரு பட்டறையில் விட்டு ஆயில் மாற்றி வாங்கிய அடுத்த முறை, நானே மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். அடியில் இருக்கும் ஆயில் போல்ட் அசையவே இல்லை. நீளக் கம்பி போட்டு நெம்பியதும் வந்தது. வெள்ளி ஜரிகை மாதிரி அலுமினிய மரையையும் உரித்துக்கொண்டு வந்தது. யாரோ முழு பலத்தோடு முடுக்கியிருக்கிறார்கள். போல்ட் எஃகு, என்ஜின் உடம்பு அலுமினியம். இரண்டும் மோதினால் தோற்பது எது என்று சொல்ல வேண்டியதில்லை. லேத் பட்டறைக்காரர் துளையைப் பெரிதாக்கி, எஃகுச் சுருள் மரை ஒன்றை உள்ளே இறக்கிக் கொடுத்தார். "இனிமே கையால முடுக்குங்க சார், கோபத்தால முடுக்காதீங்க" என்றார். முடுக்கியது நான் இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை. அந்த வார்த்தை எனக்குத் தேவையாகத்தான் இருந்தது.

அந்த போல்ட்டுக்கு வேண்டியது 24 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் பத்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டதற்கு ஏறக்குறைய சமம். போல்ட் என்பது ஒரு விறைப்பான ஸ்பிரிங். முடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டு, திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்த ஏக்கம்தான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. கொஞ்சமாக நீட்டினால் அதிர்வில் தளரும். எல்லை தாண்டி நீட்டினால் சுருங்கும் குணமே போய்விடும். டார்க் ரெஞ்ச் வாங்கிய பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். முதலில் சாதாரண ஸ்பேனரால் என் கைக்குச் சரியென்று படும் அளவுக்கு முடுக்குவேன். பிறகு ரெஞ்ச்சைப் போட்டுப் பார்ப்பேன். ஆரம்பத்தில் கால் சுற்று மிச்சம் இருக்கும். இப்போது ரெஞ்ச் அநேகமாக வைத்தவுடன் 'டக்' என்று சொல்லிவிடுகிறது. அந்த 'டக்' சத்தத்தில் எனக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியை, சுருதி சேர்ந்த தம்புராவைக் கேட்பவர்கள் புரிந்துகொள்வார்கள்.

பிரேக் ஆயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாட் 4 வகை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதியது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். சமவெளியில் வித்தியாசம் தெரியாது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கும்போது, கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழி உண்டானால் லீவர் ஹேண்டிலோடு ஒட்டிக்கொள்ளும், வண்டி நிற்காது. அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, கண்ணாடி வழியே வரக்காப்பி நிறம் தெரிவதற்கு முன்பே மாற்றிவிடுவேன். என்னுடையது ஏ.பி.எஸ். இல்லாத வண்டி என்பதால் வீட்டிலேயே முடியும். ஆனால் இரண்டு பேர் வேண்டும். நான் காலிப்பரின் நிப்பிளைத் திறந்து மூடுவேன், என் மகள் லீவரைப் பிடிப்பாள். "பிடிச்சுக்கோ." "பிடிச்சிட்டேன்பா." "விடாத, விடாத... இப்ப விடு." கண்ணாடிக் குழாயில் குமிழி போவதை முதலில் பார்ப்பது எப்போதும் அவள்தான்.

மாற்றங்கள் என்று வரும்போது என் ருசி கொஞ்சம் கறாரானது. சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டி ஊரை எழுப்புவது எனக்கு ஒப்பவில்லை. பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தயாரிப்பாளர் தந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடுவதில்லை. முன் பல்சக்கரத்தில் 14 பற்களுக்குப் பதிலாக 15 வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. 6,000 சுற்றில் ஓடிய என்ஜின் அதே வேகத்துக்கு 5,600 சுற்றில் ஓடும், நெடுஞ்சாலையில் சாந்தம். நானும் ஒரு வருஷம் வைத்திருந்தேன். வேகத்தை உணரும் கருவி கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால் மீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டியது. மலையேற்றத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கியர் கூடுதலாக இறங்க வேண்டியிருந்தது. தொழிற்சாலையில் 14 என்று முடிவு செய்தவர் மலைப்பாதையையும் நினைத்துப் பார்த்திருக்கிறார் என்று புரிந்து பழையதையே திரும்ப மாட்டினேன்.

ஒயரிங் வேலை எனக்குப் பிடித்தது. பயணப் பையில் கைபேசிக்கு மின்சாரம் வேண்டும், வழியில் டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்புக்கும் வேண்டும். பாட்டரியிலிருந்து கிளம்பும் இடத்திலேயே ஃபியூஸ். சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ரிலே. பம்பின் 40 வாட்டுக்கு 3.3 ஆம்பியர் என்று கணக்குப் பார்த்து 5 ஆம்பியர் ஃபியூஸ். பிறகு அந்தப் புதிய ஒயரை வண்டியின் பழைய ஒயர்க் கட்டோடு சேர்த்தே கொண்டுபோக வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, எங்கும் இழுபடவில்லை, உரசவில்லை என்று பார்த்து, துணி நாடா சுற்ற வேண்டும். முடித்துப் பிளாஸ்டிக்கை மூடியதும் நான் செய்ததற்கு அடையாளமே தெரியக் கூடாது. பிரித்துப் பார்க்கிற இன்னொருவர் இதைத் தொழிற்சாலையே செய்ததென்று நினைத்தால் அதுதான் எனக்குப் பட்டம்.

இனி வால்வு. என்ஜின் சத்தம் போட்டால் டாப்பட் அடிக்கிறது என்று பதறுகிறோம். லேசான 'டிக் டிக்' இருப்பது நல்ல அடையாளம்; கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். அஞ்ச வேண்டியது சத்தம் குறைந்துகொண்டே போவதற்கு. வால்வும் அது உட்காரும் வளையமும் தேயத் தேய வால்வு மேலே ஏறி இடைவெளி குறைகிறது. ஒரு கட்டத்தில் வால்வு முழுக்க மூடாது, தன் சூட்டை வளையத்துக்குக் கடத்தவும் முடியாது. அமைதியாகவே எரிந்துபோகும். உள்வால்வுக்கு 0.16 மில்லிமீட்டர், புகை வால்வுக்கு 0.27, இரண்டிலும் 0.03 முன்பின். புகை வால்வு அதிகச் சூட்டில் நீள்வதால் அதற்கு இடம் கூடுதல்.

இந்த வண்டியை வடிவமைத்தவர்களை நான் வணங்குவது இங்கேதான். இடைவெளியைச் சரிசெய்யும் சின்ன வட்டத் தகடு, ஷிம், பல வண்டிகளில் கேமுக்கு நேர் அடியில் ஒளிந்திருக்கும். ஒன்றை மாற்றக் கேம் ஷாஃப்ட்டையே கழற்ற வேண்டும். இதில் ராக்கர் ஆர்மை நகர்த்திவிட்டு, கேமைத் தொடாமலே ஷிம்மை எடுக்கலாம். விற்பனையகத்தின் விளக்குக்குக் கீழே யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், பின்னாளில் தரையில் உட்கார்ந்து வேலை செய்யப்போகும் ஒருவனை நினைத்து இதைச் செய்திருக்கிறார்கள்.

போன மே மாதம், விடிவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் மூடியைத் திறந்தோம். ஷிம் தவறி உள்ளே விழாதபடி கேம் செயின் இறங்கும் பள்ளத்தைத் துணியால் அடைத்தோம். வலப்பக்கப் புகை வால்வு 0.22 காட்டியது, 0.05 குறைவு. பழைய ஷிம்மை மைக்ரோமீட்டரில் வைத்தால் 2.150. ஆக வேண்டியது 2.100. ஷிம்கள் 0.025 இடைவெளியில் கிடைப்பதால் கணக்கு மிச்சமில்லாமல் தீர்ந்தது. மாற்றியதும் என்ஜினைக் கையால் சில சுற்றுகள் சுற்றி, குறியை மறுபடி நேராக்கினேன். இடைவெளி அளக்கும் தகடுகளில் 0.27 என் பெட்டியில் கிடையாது. 0.12ஐயும் 0.15ஐயும் சேர்த்து மகளிடம் கொடுத்தேன்.

"எப்படி இருக்கு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். "நோட்டுக்குள்ள வச்ச மயிலிறகை மெதுவா உருவுற மாதிரி இருக்குப்பா. சிக்கவும் இல்ல, சும்மாவும் வரல."

0.12க்குப் பதிலாக 0.13ஐச் சேர்த்து வைத்துப் பார்த்தோம். நுழையவில்லை. வண்டி நோட்டில் தேதி, கிலோமீட்டர், நான்கு வால்வுகளின் அளவுகள் எல்லாவற்றையும் அவள் கையாலேயே எழுதச் சொன்னேன். வெளியே பால்காரர் மணி அடித்தார். இன்னும் ஆறு ஆகவில்லை, என்ஜின் கைக்குச் சில்லென்று இருந்தது.